ஆடிக்கொண்டே அணிவகுத்தவர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பேண்ட் குழுக்கள் பெரும்பாலும் பட்டாளத்து வழி வந்தவை. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், மத்திய அரசின் நிலத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதை விற்று வரும் பணத்தில் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது. கூடவே ராணுவப் பயிற்சியும் பாடத்தில் இருக்க வேண்டும் என்றது. கவாத்து வந்துவிட்டால் முரசும் எக்காளமும் வராமல் இருக்குமா? பர்டூ பல்கலைக்கழகத்தில் 1886-ல் ஐந்தே மாணவர்கள் கவாத்துக்கு முரசடிக்கத் தொடங்கியதுதான் இன்று அங்குள்ள பெரும் பேண்ட். தென் மாநிலங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுத்ததால், 1890-ல் இரண்டாவது மோரில் சட்டம் வந்தது: ஒன்று அவர்களைச் சேர்த்துக்கொள், இல்லையேல் அவர்களுக்கென்று தனிக் கல்லூரி நடத்து. மாநிலங்கள் தனிக் கல்லூரியையே தேர்ந்தெடுத்தன. ஃப்ளோரிடாவின் டல்லஹாசி நகரில் 1887-ல் தொடங்கிய கறுப்பினத்தவர் கல்லூரி, இந்தச் சட்டத்தின் நிதியில் வளர்ந்தது. அங்கே 1892-ல் உருவான சிறிய வாத்தியக் குழுதான் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ‘மார்ச்சிங் 100’ குழுவுக்கு மூலம்.

இந்தக் குழுவின் மேல் நெடுநாளாக ஒரு குறை சொல்லப்படுகிறது. மிடுக்கான ராணுவ நடையை இடுப்பாட்டமும் துள்ளலுமாக ஆக்கிவிட்டார்கள், இசையைக் கேளிக்கைக்குப் பலி கொடுத்துவிட்டார்கள் என்பது அது. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. ஆட்டம் சேர்ந்தபோது கட்டுப்பாடு தளரவில்லை, பலமடங்கு இறுகியது. அப்படி இறுக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது வெள்ளையர் இசையுலகம் அடைத்து வைத்திருந்த கதவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கேளிக்கை’ என்ற முகச்சுளிப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. ப்ளூஸ் இசையை உலகறியச் செய்த டபிள்யூ. சி. ஹேண்டி, 1900 முதல் 1902 வரை அலபாமாவில் இதே போன்ற ஒரு கறுப்பினக் கல்லூரியின் பேண்ட் மாஸ்டராக இருந்தார். கல்லூரித் தலைவருக்கு ஐரோப்பியச் செவ்விசைதான் இசை. தன் இனத்தாரின் ராக்டைம் என்ற துள்ளிசை எல்லாம் மட்டமான சரக்கு. ஹேண்டி ஒரு வேலை செய்தார். ஒரு ராக்டைம் உருப்படியை எடுத்து, ஹைத்தி விடுதலைப் போரின் தலைவர் துசான் லூவெர்த்யூருக்கு வாழ்த்து என்று கம்பீரமாகப் பெயர் சூட்டி நிகழ்ச்சி நிரலில் போட்டார். கல்லூரித் தலைவர் உட்பட அவையே ரசித்துக் கேட்டது. செவ்விசை, கேளிக்கை என்ற பாகுபாட்டில் காதுக்கு எவ்வளவு பங்கு, பெயர்ப் பலகைக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு இதைவிட நல்ல சோதனையை யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

இனி வில்லியம் பி. ஃபாஸ்டர். 1919-ல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். செவ்விசைக் குழுவின் நடத்துநராக வேண்டும் என்பது அவர் ஆசை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, கறுப்பின நடத்துநருக்கு எங்கும் வேலை கிடையாது, வேறு துறை பார் என்று டீன் அறிவுரை சொன்னதாக ஃபாஸ்டர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1941-ல் பட்டம் பெற்றவர், 1946-ல் டல்லஹாசிக்கு வந்து, இந்தக் குழுவின் இயக்குநராக அரை நூற்றாண்டுக்கும் மேலாக, 1998 வரை அங்கேயே இருந்தார். இடையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். அரங்கம் கிடைக்காத மனிதர், கால்பந்தாட்ட இடைவேளையின் சில நிமிடங்களையே அரங்கமாக்கிக்கொண்டார் என்று சொல்லலாம். செவ்விசை தெரியாததால் ஆட்டத்துக்குப் போனவர் என்று இவரைச் சொல்ல முடியாது.

அவர் போட்ட கணக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்துத் திடலில் ஐந்து கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பேண்ட் நடையில் வழக்கமாக ஐந்து கஜத்தை எட்டுக் காலடிகளில் கடக்க வேண்டும். அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். இதோடு, தொடை தரைக்கு இணையாக வரும்வரை முழங்காலை உயர்த்தி, கால் விரல் நுனி கீழ்நோக்க நடக்க வேண்டும். சாதாரண ராணுவ நடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. ஃபாஸ்டரின் மாணவர்கள் நிமிடத்துக்கு 20 அடி என்று ஊர்ந்தும் வந்தார்கள், 320 அடி என்று பறந்தும் போனார்கள். தோளில் சூசாஃபோன் என்ற பெரிய பித்தளைக் குழலைச் சுமந்துகொண்டு, மூச்சு குலையாமல், சுருதி பிசகாமல் இதைச் செய்ய வேண்டும். ராணுவ பேண்டில் ஒருவர் தவறினால் வரிசை சற்றுக் கோணும். இங்கே ஒருவர் அரைத் தாளம் பிந்தினால் திடலே காட்டிக் கொடுத்துவிடும். இதைக் கட்டுப்பாடு குறைந்த நடை என்பவர்கள் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. முகத்தில் கரி பூசிய வெள்ளையர் கறுப்பினத்தாரைக் கோமாளிகளாக நடித்துக்காட்டிய மேடை மரபு அமெரிக்காவில் உண்டு. ஆடிப்பாடும் பேண்ட் அந்தப் பழைய பிம்பத்துக்கே தீனி போடவில்லையா? போட்டிருக்கக்கூடும், பார்த்தவர்கள் வெள்ளையராக இருந்திருந்தால். நிறப் பிரிவினைக் காலத்தில் இந்தக் கல்லூரிகளின் திடல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அந்த மாணவர்களுடைய சொந்த மக்கள். வானொலியில் கேட்ட பாட்டைத் தங்கள் பிள்ளைகள் வாத்தியங்களில் வாசித்துத் தாங்கள் ஆடும் ஆட்டத்தையே ஆடியபோது, அதில் ஏளனம் எங்கிருந்து வரும்? அந்த மக்களின் கைதட்டலில்தான் இந்தப் பாணி முழு உருவம் பெற்றது. வெளியுலகம் வந்து பார்த்தது பிறகு. 1985-ல் கல்லூரி பேண்டுகளுக்கான சட்லர் கோப்பை இவர்களுக்குக் கிடைத்தது. பிரெஞ்சுப் புரட்சியின் 200-வது ஆண்டையொட்டி 1989 ஜூலை 14 அன்று பாரிஸில் நடந்த பேரணியில் அமெரிக்காவின் சார்பில் சென்றது இந்தக் குழுதான். ஷான்சலிசே சாலையில் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பாட்டுக்கு ‘மூன்வாக்’ பாணியில் பின்னோக்கி வழுக்கிச் சென்றார்கள். துசானைச் சிறையில் போட்டுச் சாகவிட்ட நாட்டின் தலைநகர் அது என்பதை அன்று எத்தனை பேர் நினைத்தார்களோ!

கடைசி ஆட்சேபத்துக்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது. 2011 நவம்பரில் ஆர்லாண்டோவில் ஓர் ஆட்டம் முடிந்த இரவு, இந்தக் குழுவை நடத்திச் செல்லும் டிரம் மேஜர்களில் ஒருவர் பேருந்துக்குள் நடந்த ராகிங்கில் உயிரிழந்தார். இருக்கைகளுக்கு நடுவே முன்னாலிருந்து பின்பக்கம் வரை, சக மாணவர்களின் அடிகளை வாங்கிக்கொண்டே கடப்பதுதான் அந்தச் ‘சடங்கு’. பலர் மீது வழக்கு நடந்தது, சிலர் சிறை சென்றார்கள், குழு முடக்கப்பட்டது. திடலின் கட்டுப்பாட்டுக்கும் பேருந்தின் கொடுமைக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாடுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். மூத்தவருக்குக் கேள்வி கேட்காமல் பணிவது பெருமை என்று பழக்கப்பட்ட இடத்தில், அந்தப் பணிவை யாராவது ஒருவர் கைமாற்றித் தன் வக்கிரத்துக்குப் பயன்படுத்துவது எளிது. வெள்ளைப் பல்கலைக்கழகங்களின் பேண்டுகளிலும் ராகிங் இருந்தது என்பது உண்மை, அது சமாதானமாகாது. ஆனால் அடிவாங்குவதால் நடை திருந்துவதில்லை. அந்த இருபத்திரண்டரை அங்குலத்தைக் கற்றுக் கொடுத்தது வெயிலில் நடந்த ஒத்திகை.

விதிகளைக் கடுமையாக்கிய பின், 2013 செப்டம்பரில் குழு மீண்டும் திடலுக்கு வந்தது. 1967-ல் நடந்த முதல் சூப்பர் பௌல் ஆட்டத்திலேயே வாசித்த லூசியானாவின் கிராம்பிளிங் கல்லூரிக் குழுவை அடுத்த வாரம் பார்ப்போம்.