மகளுக்குப் பெரிய உருண்டை

ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் பூக்களில் நீலப் பழத்தோட்டத் தேனீ இறங்குகிறது. மகரந்தத்தை அது காலில் அப்பிக்கொள்வதில்லை, அடிவயிற்று மயிரில் வாரிக்கொள்கிறது. அந்தத் தூள் போய்ச் சேரும் இடம், தோட்டக்காரர் மாட்டி வைத்த நாணல் குழாய்.

இந்த இனத்தில் ராணியும் இல்லை, வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. ஒவ்வொரு தாயும் தன்னந்தனியாகத்தான் குழாயை நிரப்புகிறாள். தலையை நீட்டி நுழைந்து பூந்தேனைக் கக்குகிறாள். வெளியே வந்து திரும்பி, பின்பக்கமாக நுழைந்து, வயிற்றுத் தூளைக் கால்களால் வழித்துவிடுகிறாள். ஒரு நடைக்குக் கிடைப்பது துளியளவுதான். நடை நடையாகச் சேர்ந்து அது பட்டாணி அளவு ஈர உருண்டையாகிறது. அதன்மேல் ஒரே ஒரு முட்டை, பிறகு மண் சுவர், அடுத்த அறை.

பிறக்கப்போவது மகள் என்றால் உருண்டை பெரிது, மகன் என்றால் சிறிது. மகளுக்கான அறையில் தீனி சேர்க்குமுன்பே மண் விளிம்பு ஒன்றைக் கட்டிவிடுவதும் உண்டு. முட்டை இடும் நேரத்துக்கு முன்பே அவள் மனத்தில் முடிவு இருக்கிறது! வசந்தத்தில் ஆணிடம் பெற்ற விந்து அவள் உடலுக்குள் பையில் கிடக்கிறது. அது முட்டையைத் தொட விட்டால் மகள், தொடாவிட்டால் தகப்பனே இல்லாத மகன்.

மகன் சிறிய உடல், குறைந்த செலவு. எண்ணிக்கை சமமாக வேண்டியதில்லை, இரு பாலுக்கும் ஆகும் செலவு சமமானால் போதும் என்று 1930இல் மரபியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் எழுதினார். இந்தத் தேனீயிடம் மகன்கள் அதிகமாகப் பிறப்பதை அந்தக் கணக்கு விளக்குகிறது. பருவம் முடியும் தறுவாயில் தாயின் சிறகு கிழிகிறது, பூவும் குறைகிறது. உருண்டைகள் சிறுக்கின்றன, மகன்கள் கூடுகிறார்கள்.

இடமும் முடிவை மாற்றும். பிரான்சில் பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாபர் இந்தத் தேனீக்கு உறவான தேனீக்களுக்கு நெருக்கடியான குழாய்களைக் கொடுத்துப் பார்த்தார். பிறந்தவை பெரும்பாலும் ஆண்களே. தாராளமான குழாயில் மகள்கள் ஆழத்திலும் மகன்கள் வாசல் பக்கமும் இருப்பார்கள். குழாயைக் கொத்த வரும் பறவைக்கு முதலில் அகப்படுவது மகன்கள்தான். இந்த ஏற்பாட்டில் தாயின் கை தெரிவது எனக்குப் பெரிய வியப்பு.

முட்டையிலிருந்து வந்த புழு உருண்டையைத் தின்று தீர்த்து, பட்டுக் கூடு பின்னிக்கொள்கிறது. இலையுதிர் காலத்துக்குள் முழுத் தேனீயாகி, கூட்டுக்குள்ளேயே குளிரைக் கடத்துகிறது. வசந்தத்தில் மகன்கள் சில நாள் முந்தி வெளியேறி வழிவிடுகிறார்கள். பிறகு, சேர்த்து வைத்த மகரந்தமெல்லாம் உடலாக மாறிய மகள்கள் வருகிறார்கள்.

குழாய்க்கு மகரந்தம் சுமப்பது இவர்கள் மட்டுமே. ஓர் ஏக்கர் ஆப்பிளுக்குச் சுமார் 250 பெண் தேனீக்கள் வேண்டும் என்பது வளர்ப்போர் கணக்கு. அதனால்தான் அவர்கள் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள, மகள்களுக்கு இடம் தரும் குழாயாகப் பார்த்து மாட்டுகிறார்கள்.