பழைய அவுட்லாண்டரா, புதிய சீலயனா? பிளக்-இன் ஹைபிரிட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது யாழ்ப்பாணத்தின் ஓஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். முப்பது வருடம் கழித்து, 2022 ஜூலையில், முழு நாடும் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றது. ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்பதே அப்போதைய கணக்கு. இந்த இரண்டையும் அனுபவித்த குடும்பங்களுக்கு, மின்சாரத்திலும் ஓடும், பெற்றோலிலும் ஓடும் என்று ஒரு வாகனத்தைக் காட்டினால் மனம் அதன் பக்கம் சாய்வது இயல்பு.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னர் பிளக்-இன் ஹைபிரிட் ஜீப் ஒன்றைத் தேடுபவர்கள் முன் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒன்று, தடைக்கு முன்னரே ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்து இப்போது கைமாறிக்கொண்டிருக்கும் மிட்சுபிஷி அவுட்லாண்டர் பி.எச்.இ.வி. மற்றது, ஜோன் கீல்ஸ் சி.ஜி. ஓட்டோ நிறுவனம் புதிதாகக் கொண்டுவரும் சீனாவின் பி.வை.டி. சீலயன் 6. இரண்டின் விலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு. வாங்கும் காசு பலருக்குத் தம்பியோ தங்கையோ கனடாவிலும் சுவிஸிலும் இரவு வேலை செய்து அனுப்பியது என்பதால், பிழையான தெரிவு ஒன்று இரண்டு நாட்டில் இருக்கும் குடும்பத்தையும் பாதிக்கும்.

பெயர் வேறு, வேலை ஒன்று

ஒன்று ஜப்பான், ஒன்று சீனா என்று பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் விடயம், இரண்டும் ஏறத்தாழ ஒரே முறையில் இயங்குகின்றன என்பது. இரண்டிலும் வழமையான கியர்பெட்டி இல்லை. பற்றரியில் மின் இருக்கும்வரை மோட்டார்தான் சில்லைச் சுழற்றும். மின் குறைந்ததும் எஞ்சின் ஓடும், ஆனால் ஊருக்குள் அது பெரும்பாலும் ஜெனரேற்றர் போலவே மின் உற்பத்தி செய்யும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எஞ்சின் நேரடியாகச் சில்லோடு இணையும். பி.வை.டி. 2008 டிசம்பரிலேயே எஃப்3 டி.எம். என்ற பிளக்-இன் ஹைபிரிட் காரைச் சீனாவில் விற்கத் தொடங்கியது. அவுட்லாண்டர் 2013 ஜனவரியில் ஜப்பானில் வந்தது. ஆகவே சீனத் தொழில்நுட்பம் நேற்று முளைத்தது என்ற பேச்சில் இந்த விடயத்தில் பொருள் இல்லை.

வேறுபாடு அளவிலும் வயதிலும் இருக்கிறது. முதல் தலைமுறை அவுட்லாண்டரில் 2 லீற்றர் எஞ்சின், முன்னும் பின்னும் தலா 60 கிலோவாற் மோட்டார், 12 கிலோவாற் மணி பற்றரி, 45 லீற்றர் தாங்கி. 2018இல் மாற்றப்பட்ட வகையில் எஞ்சின் 2.4 லீற்றராகவும் பற்றரி 13.8 கிலோவாற் மணியாகவும் கூடின. சீலயன் 6இல் 1.5 லீற்றர் எஞ்சின், 18.3 கிலோவாற் மணி பற்றரி, 60 லீற்றர் தாங்கி. ஐரோப்பாவில் சீல் யூ என்ற பெயரில் விற்கப்படும் இதே வாகனத்துக்கு அங்குள்ள அளவீட்டில் மின்சாரத்தில் மட்டும் 80 கிலோமீற்றர் கொடுக்கிறார்கள். ஏ.சி., வெயில், ஐந்து பேர் என்று எங்கள் ஓட்டத்துக்கு அதை 65 என்று எடுத்துக்கொள்வது நல்லது.

இதை ஊர்த் தூரத்தில் வைத்துப் பாருங்கள். யாழ். நகரிலிருந்து பருத்தித்துறை 33 கிலோமீற்றர். சீலயன் போய்த் திரும்பிவிடும். நல்ல பற்றரியோடு இருக்கும் பழைய அவுட்லாண்டர் போய்ச் சேரும், திரும்பும்போது எஞ்சின் கேட்கும். கொழும்புப் பயணத்தில் அவுட்லாண்டரின் மின் பளையை அண்டும்போதே முடிந்துவிடும். சீலயன் கிளிநொச்சி வரை இழுக்கலாம். அதற்குப் பிறகு உள்ள முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றருக்கு இரண்டும் பெற்றோல் வாகனங்கள்தான். அப்போது பாரமான அவுட்லாண்டர் லீற்றருக்கு 12, 13 தரும். சீலயன் அதைவிட மூன்று நான்கு கிலோமீற்றர் கூடத் தரும். மாதம் இருமுறை கொழும்பு போய்வரும் வியாபாரிக்கும், கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு நாளாந்தம் வேலைக்குப் போகும் ஆசிரியைக்கும் ஒரே விடை பொருந்தாது.

பற்றரியை அளக்காமல் பேரம் பேச வேண்டாம்

நிசான் லீஃப் கார்களின் கதை பலருக்கு நினைவிருக்கும். குறைந்த வரியில் வந்தன. பற்றரியைக் குளிரூட்டும் ஏற்பாடு அவற்றில் இல்லை. எங்கள் வெயிலில் சில வருடங்களில் ஓடும் தூரம் பாதியாகி, விலையும் விழுந்தது. அவுட்லாண்டரில் ஏ.சி.யின் குளிர்காற்றால் பற்றரியை ஆற்றும் வசதி இருப்பதால் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் 2014, 2015 வாகனத்தின் பற்றரிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அது தேயாமல் இருக்க முடியாது.

விற்பவர் சொல்லும் சதவீதத்தை நம்பத் தேவையில்லை, நீங்களே பார்க்கலாம். முதல்நாள் இரவு வாகனத்தை முழுமையாகச் சார்ஜ் செய்து வைக்கச் சொல்லுங்கள். காலையில் ஏ.சி. போட்டு, மணிக்கு 50, 60 வேகத்தில், எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும்வரை ஓட்டிப் பாருங்கள். 35க்கு மேல் வந்தால் மிக நல்லது. 25 என்றால் பேரம் பேச இடமுண்டு. 20க்குக் கீழ் என்றால் நீங்கள் வாங்கப்போவது பற்றரியையும் சுமந்துகொண்டு ஓடும் பாரமான பெற்றோல் ஜீப் ஒன்றையே. அடுத்து, சிறிய ஓ.பி.டி. கருவியையும் பி.எச்.இ.வி. வாட்ச்டோக் என்ற கைபேசிச் செயலியையும் வைத்துக்கொண்டு பற்றரியின் கொள்ளளவைப் பார்க்கலாம். 12 கிலோவாற் மணி வகையில் புதிதில் ஏறத்தாழ 40 அம்பியர் மணி. 28 காட்டினால் எழுபது வீதம் மிச்சம். இந்தக் கருவி இல்லாத கராஜில் இந்த வாகனத்தைப் பரிசோதிப்பது வீண். ஜப்பான் ஏலத்தாள் இருந்தால் அதில் உள்ள கிலோமீற்றரையும் இப்போதைய மீற்றரையும் ஒப்பிடுங்கள்.

சீலயனின் பற்றரி லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று வகை. சூட்டைத் தாங்குவதிலும், பல்லாயிரம் முறை சார்ஜ் ஏற்றி இறக்குவதிலும் அவுட்லாண்டரின் பழைய வகையைவிட இது உறுதியானது. அதோடு எழுத்தில் உத்தரவாதம் இருக்கிறது. அந்தத் தாளை முழுதாக வாசியுங்கள்: பற்றரிக்கு எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், எந்த அளவுக்குத் தேய்ந்தால் மாற்றித் தருவார்கள், சேவையை வெளிக் கராஜில் செய்தால் உத்தரவாதம் போய்விடுமா? முக்கியமாக, உயர் வோல்ற் பற்றரியில் கோளாறு என்றால் உங்கள் ஊரிலேயே பார்ப்பார்களா, அல்லது கொழும்புக்கு ஏற்றி அனுப்ப வேண்டுமா, ஏற்றும் செலவு யாருடையது? வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் கேளுங்கள்.

வீட்டு மின்சாரம்

நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடினால் இழப்பும் சேர்த்து எட்டு யூனிற் வரை போகும். மாதம் 240. நூறு யூனிற் எரிக்கும் வீடு 340க்கு ஏறும். வீட்டுப் பாவனைக் கட்டணம் அடுக்கு முறையில் இருப்பதால், 180க்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிற்றும் ஆகக்கூடிய விலையில்தான் கணக்கிடப்படும். கணக்கு எளிது. உங்கள் பட்டியலில் உள்ள உச்ச அடுக்கின் விலையை எட்டால் பெருக்குங்கள். ஒரு லீற்றர் பெற்றோலின் விலையை இரண்டரையால் பெருக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் நாளாந்த லாபம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவாகத் தரும் நேரவாரிக் கட்டணம் உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று மின்சார சபை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கூரையில் சோலார் இருப்பவர்கள் பகலில் வாகனம் வீட்டில் நிற்குமானால் அப்போதே ஏற்றலாம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் மிதமிஞ்சிப்போய், கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொல்லிச் சபையே கேட்ட நாடு இது.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கையில் இருந்த காசுக்கு அவசரமாகப் போட்ட வயர் எங்கள் வீடுகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. சார்ஜர் ஆறேழு மணிநேரம் தொடர்ந்து மின் இழுக்கும். தண்ணி மோட்டார்போல அரைமணியில் நிற்பதல்ல. பெட்டியிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச், சரியான எர்த் ஆகிய நான்கும் வேண்டும். மணல் நிலத்தில் வைகாசி, ஆனி மாத வறட்சியில் எர்த் பலவீனமாகும், அந்தக் காலத்தில் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நீட்டு வயரில் சார்ஜ் ஏற்றவே கூடாது.

மின் போன இரவில்

சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்களுக்கு, வாகனத்திலிருந்து வீட்டுக்கு மின் எடுக்கலாம் என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது பழி பாணந்துறையில் ஒரு குரங்கின்மேல் விழுந்தது. நெபுலைசர் பாவிக்கும் பிள்ளையும், இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் தாயும், முள்ளந்தண்டுக் காயத்தோடு காற்று மெத்தையில் படுத்திருக்கும் அண்ணாவும் உள்ள வீட்டுக்கு இது ஆடம்பர வசதி அல்ல.

ஜப்பானிலிருந்து வந்த அவுட்லாண்டர்கள் சிலவற்றில் 1,500 வாற் செருகி உண்டு. ஆனால் அது 100 வோல்ற். எங்கள் 230 வோல்ற் பொருள் எதுவும் நேரடியாக அதில் இயங்காது, தகுந்த ட்ரான்ஸ்போர்மர் வேண்டும். சீலயனில் தனி இணைப்பி மூலம் மின் வெளியே எடுக்கும் வசதி உண்டு. அந்த இணைப்பி நீங்கள் வாங்கும் விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். நிறைந்த பற்றரியில் பாவிக்கக்கூடியது 13, 14 கிலோவாற் மணி என்று வைத்தாலும், ஒரு குளிர்சாதனப் பெட்டி, இரண்டு விசிறி, நாலு விளக்குக்கு ஒன்றரை நாள் தாங்கும். பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். மூடிய போர்ட்டிகோவிலோ படுக்கையறை யன்னலுக்குக் கீழோ வாகனத்தை விட்டு மின் எடுத்தால், புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டு உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

பாதையும் ஆட்களும்

வன்னியில் வயலும் தோட்டமும் உள்ளவர்களுக்கு அவுட்லாண்டர் ஒரு படி மேல். அதன் நான்கு சில்லும் எப்போதும் மோட்டாரால் இயங்குவதால், கார்த்திகை மாரியில் சேற்றுப் பாதையில் அதன் அருமை தெரியும். இங்கு பரவலாக வரும் 1.5 லீற்றர் சீலயனில் முன்சில்லு மட்டுமே இயங்கும். கொங்கிறீற் ஒழுங்கையில் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. வெள்ளத்தில் நின்ற வாகனம் எதுவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். அடியில் செல்லும் செம்மஞ்சள் நிற வயர் உயர் வோல்ற், தெரியாத கை அதைத் தொடக்கூடாது.

வீட்டில் பொய்க்கால் அணிந்தவரோ சக்கர நாற்காலி பாவிப்பவரோ இருந்தால் அவரையும் நாற்காலியையும் கூட்டிக்கொண்டுதான் பார்க்கப் போக வேண்டும். இருக்கையின் உயரம், கதவு விரியும் அளவு, மடித்த நாற்காலி பின்னால் போகிறதா என்பதையெல்லாம் எந்த விளம்பரத்தாளும் சொல்லாது. அவுட்லாண்டரின் ஸ்ரேறிங்குக்குப் பின்னால், வேகம் குறையும்போது மின் மீளப் பெறும் அளவைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு நெம்புகள் உண்டு. பிரேக் மிதிப்பதில் சிரமப்படும் ஓட்டுநருக்கு அது உதவி, ஆனால் பிரேக்குக்கு மாற்றல்ல.

என் கணிப்பில், கையில் முழுக் காசும் வீட்டில் சார்ஜ் ஏற்ற இடமும் இருந்து, ஏழெட்டு வருடம் வைத்திருக்கப் போகிறவர் சீலயனை எடுக்கலாம். பற்றரிச் சோதனையில் 30க்கு மேல் ஓடி, நல்ல கராஜ் அருகில் இருந்தால் அவுட்லாண்டர் வாங்குபவர் ஏமாறமாட்டார். சீலயனுக்காகக் காணியை ஈடுவைக்கவோ, பெரிய லீசிங் எடுக்கவோ வேண்டியிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு சிறிய சாதாரண ஹைபிரிட் காரைத் தேடுவது புத்தி. சேமிக்கப்போகும் பெற்றோல் காசு லீசிங் வட்டியைக் கட்டாது.

பழையதை வாங்குபவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். உரிமையாளர் பெயருக்கு அப்பால் லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் பதிவாகியிருந்தால் கடன் இன்னும் முடியவில்லை. புத்தகத்தின் பிரதியை மட்டும் காட்டுபவரிடம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விபரம் எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.