தீவுகளின் கணக்குப் புத்தகம்

1896-ஆம் வருஷம் பசிபிக் மகாசமுத்திரத்தில் உள்ள புனாபுட்டி என்ற பவழத் தீவுக்கு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து நங்கூரம் பாய்ச்சியது. வந்தவர்கள் முத்துக் குளிக்க வரவில்லை; கொப்பரை வாங்க வரவில்லை; நாடு பிடிக்கவும் வரவில்லை. நாடு பிடிக்கும் வேலை நாலு வருஷத்துக்கு முன்பே, 1892-இல், முடிந்துவிட்டது. இவர்கள் தீவின் தரையில் துளை போட வந்தவர்கள்!

எதற்காகத் துளை? அதற்குக் காரணமானவர் சார்லஸ் டார்வின். பவழப்பூச்சி ஆழமற்ற, வெயில் படும் நீரில்தான் உயிர் வாழும். அப்படியிருக்க, ஆழங்காணாத சமுத்திரத்தின் நடுவே வட்டவட்டமாகப் பவழத் திட்டுகள் எழுந்து நிற்பது எப்படி? எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பவழம் மெல்ல மெல்ல மேலே வளர்கிறது. கடைசியில் மலை மறைந்து பவழ வளையம் மட்டும் மிஞ்சுகிறது என்று 1842-இல் வெளிவந்த தமது புத்தகத்தில் டார்வின் சொன்னார். மெய்யா பொய்யா என்று அறிய வேண்டுமானால் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். யாராவது ஒரு கோடீசுவரர் மனசு வைத்துப் பவழத் தீவு ஒன்றைத் துளைத்து, கற்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவரக் கூடாதா என்று 1881-இல் ஒரு கடிதத்தில் ஆசைப்பட்டார். மறு வருஷம் காலமாகிவிட்டார்.

கோடீசுவரர் வரவில்லை, லண்டன் ராயல் சொசைட்டி வந்தது. முதல் வருஷம் இயந்திரம் மணலில் சிக்கித் தோல்வி. 1897-இல் சிட்னி சர்வகலாசாலையிலிருந்து எட்ஜ்வொர்த் டேவிட் என்ற பேராசிரியர் வந்தார். கூடவே அவர் மனைவி காரா டேவிட் அம்மையாரும் வந்தார். விஞ்ஞானிகள் தரைக்குள் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் தீவு ஜனங்களின் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தாள். 1899-இல் அதை ஒரு புத்தகமாகவும் எழுதினாள். 1898-இல் துளை 1,114 அடி ஆழத்தைத் தொட்டது. அவ்வளவு ஆழத்துக்கும் பவழமே. எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. ஆகவே டார்வின் கட்சிக்காரர்கள் வென்றதாகச் சொன்னார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் தோற்றதாக ஒப்புக் கொள்ளவில்லை. பாறையை எட்ட 1952 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெட்டாக்கில், நாலாயிரம் அடிக்கும் கீழே, அமெரிக்கர் போட்ட துளையில் எரிமலைப் பாறை கிடைத்தது. டார்வின் சொன்னது சரி என்று நிச்சயமாயிற்று. அதே வருஷம் நவம்பர் மாதம் அதே எனிவெட்டாக்கில்தான் அமெரிக்கா தனது முதல் ஹைட்ரஜன் குண்டையும் வெடித்துப் பார்த்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பூர்த்தியாகாது.

துளையிலிருந்து எடுத்த கற்கள் லண்டனுக்குப் போயின. 1904-இல் பெரிய புத்தகம் ஒன்றும் வெளியாயிற்று. தீவைப் பற்றிய அந்தப் புத்தகம் தீவு ஜனங்களுக்காக எழுதப்பட்டதல்ல. இதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் வழக்கம் நிலைத்துவிட்டது. நம் ஊர்க் குடியானவன் ஒருவனுடைய வரவு செலவெல்லாம் லேவாதேவிக்காரரின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். என்ன பாக்கி, எவ்வளவு வட்டி என்று தெரிய வேண்டுமானால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் நிற்க வேண்டும். தீவுகளின் கதையும் நூறு வருஷ காலம் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. கடல் அவர்களுடையது, கணக்கு மட்டும் பிறத்தியார் பெட்டியில்.

அப்படியானால் தீவு மக்களுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாதா என்றால், தெரியும். மார்ஷல் தீவின் மாலுமிகள் தென்னை ஈர்க்கையும் குச்சிகளையும் கட்டிப் படம் செய்வார்கள். கிளிஞ்சல் வைத்த இடம் தீவு. வளைந்த குச்சி, அந்தத் தீவில் மோதித் திரும்பும் அலை. இந்தப் படத்தைக் கப்பலில் கொண்டு போக மாட்டார்கள். கரையிலேயே மனப்பாடம் செய்துவிட்டு, படகில் அலையின் ஆட்டத்தை உடம்பால் உணர்ந்து வழி கண்டுபிடிப்பார்கள். ஆனால் அந்த வித்தையை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடவில்லை. சில குடும்பங்களுக்குள் ரகசியமாகவே இருந்தது. அறிவைப் பூட்டி வைப்பது வெள்ளைக்காரர் மட்டும் கண்டுபிடித்த பழக்கம் அல்ல.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1987 ஏப்ரலில் மாலத்தீவின் தலைநகரான மாலேக்குள் பெரிய அலைகள் புகுந்து நகரைச் சேதப்படுத்தின. அவ்வருஷம் அக்டோபரில் அந்நாட்டு ஜனாதிபதி கயூம் ஐக்கிய நாடுகள் சபையில் எழுந்து, கடல் மட்டம் உயர்ந்தால் தம் நாடே இல்லாமற் போகும் என்றார். 1989 நவம்பரில் மாலேயில் சிறிய நாடுகளின் மகாநாடு கூடியது. 1990-இல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி பிறந்தது. இன்று அதில் 39 அங்கத்தினர்கள். தனித்தனியே பேசினால் எவர் காதிலும் விழாத குரல்கள், சேர்ந்து பேசியபோது கேட்டன.

ஆனால் பேசினால் போதுமா? “கடல் உயர்கிறது என்கிறீர்களே, எவ்வளவு உயர்ந்தது? எப்போதிலிருந்து?” என்று பெரிய நாடுகள் கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. இது லேசான காரியம் அல்ல. கடல் தினமும் ஏறி இறங்குகிறது. எல் நினோ என்னும் பருவக் கோளாறு வரும் வருஷங்களில், மேற்குப் பசிபிக்கின் நீர்மட்டம் ஓர் அடி வரையிலும்கூட இறங்கிவிட்டுப் பிறகு ஏறும். சில இடங்களில் தரையே அமிழ்ந்துகொண்டிருக்கும். இத்தனை ஆட்டத்துக்கு நடுவே, வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் உயர்வைப் பிரித்துக் காண வேண்டுமானால், ஒரே இடத்தில் ஒரே அடையாளக் கல்லை வைத்துப் பல பத்தாண்டுகள் இடைவிடாமல் அளந்து வர வேண்டும். ஐந்து வருஷக் கணக்கு எதையும் நிரூபிக்காது. முப்பது வருஷக் கணக்கை எவராலும் தள்ளிவிட முடியாது.

டார்வினுக்காகத் துளைபோட்ட அதே புனாபுட்டியில் 1977-இல் ஹவாய் சர்வகலாசாலையார் ஓர் அளவுமானி வைத்தார்கள். 1993-இல் ஆஸ்திரேலிய உதவியுடன் இன்னொன்று வந்தது. புனாபுட்டி இப்போது துவாலு என்ற சுதந்தர நாட்டின் தலைநகர். அந்த நாட்டின் மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சராசரி உயரம் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று அதிகம். முப்பது வருஷங்களில் அங்கே கடல் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று 2023-இல் நாஸா ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். ஒரு சாண் கூட இல்லையே என்று நாம் நினைக்கலாம். ஆள் உயரமே உள்ள நாட்டில் ஒரு சாண் என்ன என்பதை அங்கே இருப்பவர்தான் அறிவார்.

இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்ற யோசனை 1994-இல் உருவானது. பார்படோஸில் கூடிய மகாநாட்டில், சிறு தீவு நாடுகளுக்குள் ஒரு தகவல் வலை அமைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கம்ப்யூட்டர் என்பதையே பல தீவுகள் கண்டிராத காலம் அது! வலை அமைந்தது. ஆனால் 2005-இல் மொரீஷியஸில் கூடியபோது, அந்த வலையைப் பலப்படுத்த வேண்டும் என்று மறுபடியும் எழுதிவைக்க நேர்ந்தது. 2024 மே மாதம் ஆன்டிகுவாவில் நாலாவது மகாநாடு. அங்கே ஒரு சிறப்பு மையமும், அதற்குள் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவான தகவல் களஞ்சியமும் வேண்டும் என்று முடிவாயிற்று. முப்பது வருஷத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை கடைக்கால் தோண்டிய கதை!

சிரிப்பது சுலபம். காரணம் என்ன என்று பார்ப்பதே நியாயம். இவற்றுக்கெல்லாம் பணம் ‘திட்டம்’ என்ற பெயரில் வருகிறது. மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று தவணை. திட்டம் நடக்கும்போது கம்ப்யூட்டர் வரும், நிபுணர் வருவார், பயிற்சி நடக்கும், போட்டோ எடுப்பார்கள். தவணை முடிந்ததும் நிபுணர் விமானம் ஏறுவார். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பையனுக்கு வெளிநாட்டில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும். அறிக்கை எங்கே என்று தேடினால், எழுதிய கம்பெனியின் அலமாரியில் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே அந்த ஏடே பக்கத்து வீட்டில் இருக்கிறது!

ஆயினும் மெய்யாகவே நிலைத்த முயற்சிகளும் உண்டு. கரிபியன் தீவுகள் 1997 முதல் 2001 வரை ஒரு கூட்டுத் திட்டத்தில் கடல்மட்டத்தை அளக்கும் நிலையங்களை அமைத்தன. அந்தத் திட்டம் முடிந்ததும் கலைந்து போகாமல், 2005-இல் பெலீஸ் நாட்டின் தலைநகரில் நிரந்தரமான ஒரு மையமாக உருவெடுத்தது. பசிபிக் தீவுகளுக்குச் சமோவாவின் தலைநகரான ஆபியாவில் பொதுச் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் உண்டு. 2019-இல் ஜப்பானின் உதவியோடு அங்கேயே பருவநிலை மையம் ஒன்றும் திறக்கப்பட்டது. இவர்கள் செய்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் தெரிகிறது. பதினாலு தீவு நாடுகளுக்கும் தனித்தனிக் களஞ்சியம். ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டின் அதிகாரத்தில். எது பொது, எது அந்தரங்கம் என்று அந்த நாடே தீர்மானிக்கும். எல்லாவற்றையும் இணைக்கும் வாசல் மட்டும் ஆபியாவில். அடுப்பு அவரவர் வீட்டில், கிணறு பொது. கூட்டுக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, களஞ்சியம் எங்கே இருக்க வேண்டும்? தீவிலேயே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியுவே சாட்சி. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத அந்தத் தீவு மற்றவை போல் தாழ்ந்ததல்ல. செங்குத்தான பாறைக் கரை உடையது. அப்படியும் 2004 ஜனவரியில் ஹெட்டா என்ற புயலின் அலைகள் பாறையைத் தாண்டி வந்தன. ஆஸ்பத்திரி போயிற்று. கலாசார மையமும் காட்சிசாலையும் போயின. முன்னோர்கள் விட்டுச் சென்ற அரும்பொருள்களில் பெரும்பகுதி ஒரே புயலில் கடலோடு கலந்தது.

வெளிநாட்டில் வைத்தால்? அதற்கு டோங்கா சாட்சி. 2022 ஜனவரி 15-ஆம் தேதி கடலடி எரிமலை வெடித்தது. அந்நாட்டை உலகத்தோடு இணைத்திருந்த ஒரே கடலடிக் கம்பி அறுந்தது. சாம்பல் மழையில் நின்ற ஜனங்கள், உறவினர் பிழைத்தார்களா என்றுகூட அறிய முடியவில்லை. பிரதான தீவுக்கு இன்டர்நெட் முழுதாகத் திரும்ப ஐந்து வாரமாயிற்று. வெளித் தீவுகளுக்குக் கம்பி சரியாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. எல்லாக் கணக்கும் சிட்னியிலோ லண்டனிலோ பத்திரமாக இருந்திருக்கும். ஆபத்து வந்த நேரத்தில் எட்டாத பத்திரம்!

ஆகவே இரண்டும் வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி தொலைவில், இன்னொன்று பக்கத்துத் தீவில். நம் முன்னோர்கள் ஓலைச் சுவடியைக் கறையான் அரிக்குமுன் படி எடுத்து வைத்தார்களே, அந்தப் பழைய வேலைதான். கூடவே, சுவடியைப் படி எடுக்கிறவனுக்கு மாதச் சம்பளம் தவறாமல் கிடைக்க வேண்டும். மகாநாட்டுத் தீர்மானங்களில் எல்லாம் இடம் பெறுவது கம்ப்யூட்டர். இடம் பெறாமல் போவது அந்தக் குமாஸ்தா.

இவ்வளவு சிரமப்பட்டுக் கணக்கு வைத்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 2019-இல் வனுவாட்டு தீவில், தென்பசிபிக் சர்வகலாசாலையில் சட்டம் படித்த 27 மாணவர்கள், இந்த வழக்கை உலக நீதிமன்றத்துக்கே கொண்டு போனால் என்ன என்று யோசித்தார்கள். பிள்ளை விளையாட்டு என்று வனுவாட்டு சர்க்கார் தள்ளிவிடவில்லை. 2023 மார்ச் 29-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை அந்தக் கேள்வியை ஹேக் நகரத்து நீதிபதிகளுக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23-ஆம் தேதி நீதிபதிகள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். பருவநிலையைக் காப்பது தேசங்களின் சட்டக் கடமை. தவறினால் பொறுப்பேற்க வேண்டும். நஷ்ட ஈடு கொடுக்கவும் நேரலாம். ஆனால் ஒரு நிபந்தனை: செய்த தவறுக்கும் நேர்ந்த நஷ்டத்துக்கும் உள்ள சம்பந்தத்தை, கேட்கிறவர் நிரூபித்துக் காட்ட வேண்டும்.

எந்த வருஷம் எந்தக் கிணறு உப்பாயிற்று, எந்தக் கிழங்குத் தோட்டத்தில் கடல் நீர் புகுந்தது, எந்தக் கரை எத்தனை அடி போயிற்று என்று யாரோ ஒரு குமாஸ்தா நாள் தவறாமல் எழுதி வைத்திருந்தால்தான் அது முடியும். பெரிய நாடுகளுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். சிறிய தீவுக்கு அந்தப் புத்தகம்தான் வக்கீல்.