இஞ்சி பியர்: ஒரு பாட்டிலின் பின்கதை

சில வருடங்களுக்கு முன் ப்ராஜெக்ட் வேலையாகக் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருந்தேன். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வயிறு மந்தம் என்றால் முதலில் இஞ்சியைத் தேடுகிற ஆள். கடையில் ‘ஜிஞ்சர் பியர்’ என்று பெரிய எழுத்தில் போட்ட பாட்டில் கண்ணில் பட்டது. இலங்கை நண்பர்கள் வீட்டில் யானைப் படம் போட்ட ஜிஞ்சர் பியர் குடித்திருக்கிறேன், அது வெறும் சோடா வகை. அதே மாதிரிதான் இதுவும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

அரை டம்ளர் குடித்துவிட்டு, “காரம் நல்லாத்தான்டா இருக்கு” என்றார் அம்மா. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆல்கஹால் 4%. வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. மிச்சத்தைச் சத்தமில்லாமல் சிங்கில் கொட்டினேன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தத் தேடலின் ஆரம்பம்.

சாதுவான குளிர்பானத்தில் இப்போது யாரோ ஆல்கஹாலைக் கலக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கதை அப்படியே தலைகீழ். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இஞ்சி, சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை சேர்த்துப் புளிக்கவைத்த பானம் இது. பார்லி கிடையாது, பெயரில் மட்டும்தான் பியர். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவையும் ஆல்கஹாலையும் தரும். தோராயக் கணக்கு: ஒரு லிட்டரில் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1% ஆல்கஹால். இட்லி மாவு மாதிரிதான், கூட ஒரு நாள் வைத்தால் குணமே மாறிவிடும். ஒரே வீட்டில் செய்தாலும் திங்கட்கிழமை பாட்டிலும் சனிக்கிழமை பாட்டிலும் ஒன்றாக இருக்காது.

இதைப் புளிக்கவைக்க வீட்டுக்கு வீடு கைமாறிய ஒரு பொருள் உண்டு. பெயர் ‘ஜிஞ்சர் பியர் செடி’. செடியே இல்லை. ஊறவைத்த ஜவ்வரிசி போலக் கட்டிகட்டியாக இருக்கும். அது என்ன என்று 1892இல் விளக்கியவர் ஹாரி மார்ஷல் வார்ட். ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு அது என்றார். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்து, திரும்பச் சேர்த்து, அந்தக் கட்டியை மறுபடி உருவாக்கிக் காட்டினார். எங்கள் தொழிலில் பிழையைப் பிடித்துவிட்டேன் என்று சொன்னால் போதாது, அதைத் திரும்ப வரவழைத்துக் காட்டவேண்டும். வார்ட் செய்தது அதுதான்.

வார்ட் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பழைய குறிப்புகளைப் புரட்டினேன். 1880 முதல் 1882 வரை இலங்கையில் காப்பி இலை நோயை ஆராய்ந்தவர் இவரேதான்! அந்தப் பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுவதையும், மலை மலையாக ஒரே பயிரை நட்டதன் ஆபத்தையும் எடுத்துச் சொன்னார். காப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. இங்கிருந்து காப்பித் தோட்ட வேலைக்குப் போன நம் மக்கள் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களானதன் பின்னணியில் இந்த நோய் இருக்கிறது. ஒரு பூஞ்சை அங்கே ஊரையே புரட்டிப்போட்டது. இன்னொன்று இங்கே பானத்துக்கு நுரை கொடுத்தது. இரண்டையும் ஒரே மனிதர் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்.

சரி, இன்றைய பாட்டில்களுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் இஞ்சிச் சாறு, சர்க்கரை, வாயு என்று சுருக்கிக்கொண்டதால் பெரும்பாலான ஜிஞ்சர் பியர் வெறும் சோடாவானது. ஃபென்டிமன்ஸ் மாதிரி சிலர் மட்டும் புளிக்கவைத்து, ஆல்கஹாலை 0.5 சதவீதத்துக்குள் நிறுத்தினார்கள். 2009இல் க்ராபீஸ் ‘ஆல்கஹாலிக் ஜிஞ்சர் பியர்’ என்று சொல்லியே 4 சதவீதத்தில் ஒன்றை இறக்கியது. அது பிரபலமானதும் ஸ்டோன்ஸின் ஜிஞ்சர் ஜோ உள்பட வரிசையாகப் பலர் வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் மாட்ஸோஸின் சரக்கு 3.5%.

நான் பிரித்துக்கொண்ட வகைகள் இவை. ஒன்று, இஞ்சியோடு சேர்த்தே சர்க்கரையைப் புளிக்கவைப்பது. இதில் காரத்தோடு லேசான புளிப்பும் இருக்கும். இரண்டு, தனியாகத் தயாரித்த ஆல்கஹாலில் இஞ்சிச் சாறும் சர்க்கரையும் சேர்ப்பது. இது தித்திப்பு, வருடம் முழுக்க ஒரே ருசி. மூன்று, நிஜமான பார்லி பியரில் இஞ்சி போடுவது. இதில் ஹாப்ஸ் கசப்பு தெரியும். இஞ்சி ஒயின் என்பது தனிச் சாதி. உலர்திராட்சையில் செய்வது, 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

ஏன் பலரும் 4 சதவீதத்தில் நின்றார்கள்? பிரிட்டனில் 2023 வரை இவை வரிக்கணக்கில் பியர் அல்ல, ‘மேட் வைன்’. அந்த முறையில் 4 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த வரிப்படி. ருசியைவிட வரிதான் அந்த எண்ணை முடிவு செய்திருக்கும் என்பது என் ஊகம்.

போன மாதம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? அது ஜீரணத்துக்கா வேற எதுக்கான்னு அப்பவே சந்தேகம்தான்” என்றார்.

இப்போதெல்லாம் எந்தப் பாட்டிலையும் முதலில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.