நெல்லை விற்றவர் கடன்தாரர் ஆவது ஏன்? சேமிப்பையும் கடனையும் இணைக்கும் நிதி அமைப்புகள் – ஒரு விளக்கம்

கொல்லங்கோடு: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் உள்ளது கொல்லங்கோடு. இங்கு அறுவடை முடிந்து நெல்லை அரசுக்கு விற்கும் விவசாயியின் கைக்கு, பணத்துக்கு முன்பாக ஒரு ரசீது வந்து சேர்கிறது. கேரள அரசின் குடிமைப்பொருள் வழங்கல் கழகமான சப்ளைகோ வழங்கும் இந்த நெல் ரசீது, பி.ஆர்.எஸ். என்று அழைக்கப்படுகிறது.

2023-24 கொள்முதல் ஆண்டில் ஒரு கிலோ நெல்லின் விலை ரூ.28.20. அதில் ரூ.21.83 மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை. எஞ்சியது மாநில அரசின் ஊக்கத்தொகை. இதன்படி 2,000 கிலோ நெல் விற்ற விவசாயிக்கு ரூ.56,400 கிடைக்க வேண்டும். அரசின் நிதி வந்து சேரத் தாமதமாகும் என்பதால், ரசீதைப் பெற்றுக்கொண்டு வங்கி அத்தொகையை வழங்குகிறது. ஆனால் வங்கிக் கணக்கில் அது விவசாயியின் பெயரில் உள்ள கடனாகவே பதிவாகிறது. அசலையும் வட்டியையும் அரசுத் தரப்பு பின்னர் செலுத்துகிறது.

இடைத்தரகு நிறுவனத்தின் மூன்று பணிகள்

வங்கி வழங்கும் அந்தப் பணம் வேறு எவரோ சேமித்த பணம். சேமிப்பவரையும் கடன் பெறுபவரையும் இணைக்கும்போது வங்கி மூன்று பணிகளைச் செய்கிறது.

முதலாவது, பலரின் சிறு தொகைகளைத் திரட்டிப் பெரிய கடனாக மாற்றுவது. இரண்டாவது, கால வேறுபாட்டைச் சமாளிப்பது: சேமிப்பவர் விரும்பிய நாளில் பணத்தைத் திரும்பப் பெறலாம்; கடன் பெற்றவருக்கோ பயிர் விளையும் வரை அவகாசம் தேவை. மூன்றாவது, இடரைப் பரவலாக்குவது: ஒரு வயல் பொய்த்தாலும் அந்த இழப்பு ஒரே சேமிப்பாளரின் தலையில் விழுவதில்லை. வைப்புத்தொகைக்குத் தரும் வட்டிக்கும் கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் இடையிலான வேறுபாடே இப்பணிகளுக்கான கூலி.

குறி எனப்படும் சீட்டு

கேரளத்தில் வங்கிக்கு இணையாக வேரூன்றிய முறை, குறி அல்லது சிட்டி எனப்படும் ஏலச்சீட்டு. திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ., 1969 முதல் இதனை நடத்தி வருகிறது.

எடுத்துக்காட்டாக, 20 பேர் மாதம் ரூ.5,000 வீதம் 20 மாதங்கள் செலுத்தும் சீட்டின் தொகை ரூ.1 லட்சம். அவசரத் தேவையுள்ள உறுப்பினர் ஒருவர் ரூ.25,000 தள்ளுபடிக்கு ஏலம் எடுத்தால் அவருக்கு ரூ.75,000 கிடைக்கும். அந்தத் தள்ளுபடியில் 5 சதவீதத் தரகாக ரூ.5,000 சீட்டு நடத்துபவருக்குச் செல்கிறது. மீதி ரூ.20,000 உறுப்பினர்களிடையே தலா ரூ.1,000 ஆகப் பகிரப்படுகிறது. முதலில் எடுப்பவர் கடன் பெறுபவர். கடைசி வரை காத்திருப்பவர் சேமிப்பாளர். சட்டப்படியான தரகு உச்சவரம்பு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

சந்தை வழி

பெரும் தொகை தேவைப்படுவோர் கடன் பத்திரங்களை வெளியிட்டு முதலீட்டாளர்களிடமிருந்து நேரடியாகவே பணம் திரட்டுகின்றனர். கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி, 2019-இல் மசாலா பத்திரங்கள் மூலம் வெளிநாட்டு முதலீட்டாளர்களிடமிருந்து ரூ.2,150 கோடி திரட்டியது, வட்டி 9.723 சதவீதம். இவ்வழியில் கடன் திரும்பாத இடர் முதலீட்டாளரையே சாரும். இரண்டு ஏக்கர் விவசாயிக்கு இந்தச் சந்தையின் வாசல் திறப்பதில்லை. அவரை நம்பிக் கடன் தர, அவரை அறிந்த வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ வேண்டும்.

நம்பிக்கை உடைந்தால்

1960-இல் கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது வைப்பாளர்கள் பெரும் பாதிப்புக்குள்ளாயினர். நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு உருவாக அந்நிகழ்வும் ஒரு காரணம். 1962 ஜனவரி 1-இல் ரூ.1,500 உச்சவரம்புடன் தொடங்கிய இக்காப்பீடு, 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு வட்டியுடன் சேர்த்து ரூ.5 லட்சம் வரை கிடைக்கிறது. ஆனால் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இதன் வரம்பில் வருவதில்லை. அவற்றுக்கு மாநில அளவிலான வைப்பு உத்தரவாத நிதி தனியாக உள்ளது.

விவசாயி கேட்க வேண்டியது

கடன் பெறுபவரின் நம்பகத்தன்மையை வங்கிகள் இன்று கடன் வரலாற்று மதிப்பெண் கொண்டே எடைபோடுகின்றன. நெல் ரசீதுக் கடனை அரசு உரிய காலத்தில் அடைக்காவிட்டால், அந்த மதிப்பெண் பாதிக்கப்பட்டு அடுத்த பயிர்க்கடன் தடைபடுகிறது என்பதே விவசாயிகளின் நீண்டநாள் புகார். ரூ.3 லட்சம் வரையிலான பயிர்க்கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்கு, வட்டி மானியங்கள் போக 4 சதவீத வட்டியே அமையும். அந்தச் சலுகைக் கடன் கைநழுவினால் தனியார் வட்டிக்கடையே மிச்சம்.

எனவே ரசீதை ஒப்படைக்கும்போது, கடன் எவர் பெயரில் பதிவாகிறது, திருப்பிச் செலுத்தும் கெடு எது, தாமதமானால் பொறுப்பு யாருக்கு என்ற மூன்றையும் எழுத்துவடிவில் கேட்டுப் பெறுவது நல்லது. பிறரது சேமிப்பு கடனாக வந்தால் அதன் இடரைக் கடன் பெற்றவர் சுமப்பது இயல்பு. தனது நெல்லின் விலையே கடனாக வரும்போது, அந்த இடரை விவசாயி சுமப்பது முறையா என்பதே இங்கு எஞ்சி நிற்கும் கேள்வி.