புக்மேக்கரின் சவ ஊர்வலம்

2000 ஜூன் மாதம் லண்டனின் வங்கித் தெருக்களில் ஒரு சவ ஊர்வலம் போனது. சவப்பெட்டி, துக்கம் எல்லாம் முறைப்படி இருந்தன. பிணம் மட்டும் இல்லை. செத்துப்போனதாக அறிவிக்கப்பட்டவர் ‘புக்மேக்கர்’, அதாவது நாம் புக்கி என்று சொல்கிற ஆள். ஏற்பாடு செய்தது பெட்ஃபேர் என்கிற புத்தம்புது கம்பெனி. விளம்பரத்துக்காகப் போட்ட கூத்துதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய வாக்குறுதி இருந்தது: இனிமேல் யார் வேண்டுமானாலும் புக்கி ஆகலாம்.

அது ஏன் பெரிய விஷயம் என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எந்தப் பந்தயத்துக்கும் ரெண்டு பக்கம் உண்டு. ‘இந்தக் குதிரை ஜெயிக்கும்’ என்று பணம் கட்டுவது ஒரு பக்கம். இங்கிலாந்தில் அதற்கு ‘பேக்’ என்று பெயர். ‘ஜெயிக்காது, ஜெயித்தால் நான் தருகிறேன்’ என்று அந்தப் பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்வது மறுபக்கம், அது ‘லே’. இந்தியாவின் திருட்டு கிரிக்கெட் சூதாட்டத்தில் இவற்றை ‘லகானா’, ‘கானா’ என்பார்கள். போடுவது, தின்பது. யார் வைத்த பெயரோ, கச்சிதமாக வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இருநூறு வருஷமாகப் போடுவது சனங்களின் வேலை, தின்பது புக்கியின் வேலை. 1790களில் நியூமார்க்கெட் மைதானத்தில் ஹாரி ஆக்டன் என்பவர் ஒரு ரேஸில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி விலை சொல்லிப் பந்தயம் வாங்கினார் என்றும், முதல் புக்கி அவர்தான் என்றும் சொல்வது வழக்கம். அந்த விலைகளில்தான் சூட்சுமம். காசைச் சுண்டினால் பூவுக்கும் தலைக்கும் சரிபாதி வாய்ப்பு. நியாயமாக ஒரு பவுண்டுக்கு ரெண்டு பவுண்ட் திரும்ப வர வேண்டும். புக்கி 1.90 தருவார். ரெண்டு பக்கமும் சமமாகப் பணம் விழுந்தால் காசு எப்படி விழுந்தாலும் அவருக்குக் கவலையில்லை. இந்த இடைவெளிதான் அவருடைய மார்ஜின். வீடு, கார், தொப்பி எல்லாம் அதிலிருந்து வந்தவை.

அரசாங்கமும் இதில் கை வைத்தது, ஆனால் யார் மேல் என்று பாருங்கள். 1853-இல் பந்தய வீடுகளை மூடச் சட்டம் வந்தது. 1906-இல் தெருவில் பந்தயம் வாங்குவது குற்றமானது. கடன் கணக்கு வைத்திருக்கும் கனவான் தன் புக்கியிடம் சட்டப்படியே பந்தயம் கட்டலாம். தொழிற்சாலைத் தொழிலாளி அரை கிரவுனைக் கையில் வைத்துக்கொண்டு சந்து முனையில் புக்கியின் ஆளைத் தேடினால் போலீஸ் பிடிக்கும். இந்த அசிங்கம் 1961 மே மாதம் சட்டப்படியான பந்தயக் கடைகள் திறக்கும் வரை நீடித்தது. கடைகள் வந்தபின்னும் ஒன்று மாறவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர்.

நடுவில் இன்னொரு ஆளும் இருந்தார். டிப்ஸ்டர். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்பவர். இந்த இனத்தின் மகாராஜா ராஸ் பிரின்ஸ் மோனோலூலு. தலையில் தீக்கோழி இறகு, பளபளக்கும் அங்கி, ‘என்கிட்ட ஒரு குதிரை இருக்கு!’ என்ற கூவல். அபிசீனிய நாட்டு இனத் தலைவர் என்று சொல்லிக்கொள்வார். உண்மையில் கரீபியனில் அப்போது டேனிஷ்காரர்களிடம் இருந்த செயின்ட் குரோய் தீவைச் சேர்ந்த பீட்டர் கார்ல் மெக்கே. 1920 டெர்பியில் யாரும் பெரிதாக நம்பாத ஸ்பியன் காப் என்ற குதிரையின் மேல் கட்டி 8,000 பவுண்ட் ஜெயித்தார் என்று பேச்சு. 1936-இல் பிபிசி தொலைக்காட்சி தொடங்கிய முதல் நாளிலேயே திரையில் வந்தவர்களில் ஒருவர். மடித்த சீட்டில் குதிரையின் பெயரை எழுதிக் கொடுப்பார். ‘வெளியே சொன்னால் குதிரை தோற்றுவிடும்’ என்று காதோடு காதாக எச்சரிப்பார். இதை மூடநம்பிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். பின்னால் வரும் கணக்கில் இது அப்படியே உண்மையாகப்போகிறது.

டிப்ஸ்டர் தொழிலின் பழைய தந்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எட்டுக் குதிரை ஓடினால் எட்டுப் பேருக்கு எட்டுப் பெயர். ஏழு பேர் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள், எட்டாவது ஆள் காலில் விழாத குறையாகத் திரும்பி வருவார். பத்திரிகை டிப்ஸ்டர்கள் அப்படிச் செய்ய முடியாது. பெயர் அச்சில் இருக்கிறதே. அவர்கள் தேர்வுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பவுண்ட் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பத்திரிகைகளே பட்டியல் போடும். பட்டியலின் கீழ்ப்பாதியைப் படித்த எத்தனையோ பேருக்கு ஒரே எண்ணம் வந்திருக்கும்: இந்த மனுஷன் சொல்வதற்கு நேர் எதிராகக் கட்ட வழி இருந்தால்?

வழி வந்தது. ஆண்ட்ரூ பிளாக் கணினி நிரல் எழுதுபவர், கூடவே சூதாடி. எட்வர்ட் ரே ஜே.பி. மார்கனில் இருந்தவர். பிளாக்கின் தாத்தா சர் சிரில் பிளாக், விம்பிள்டன் தொகுதியின் கன்சர்வேடிவ் எம்.பி., பாப்டிஸ்ட், சூதாட்டத்தை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். ‘லாஸ்ட் எக்ஸிட் டு புரூக்ளின்’ நாவல் ஆபாசம் என்று 1966-இல் வழக்குப் போட்டவரும் அவரே. பேரன் புக்கிக்குச் சவப்பெட்டி தூக்கினான் என்று கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார். பெட்டிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியும்வரை.

பிளாக்கின் யோசனை பங்குச்சந்தையிலிருந்து வந்தது. அதே சமயம் கிளம்பிய ஃப்ளட்டர் என்ற போட்டிக் கம்பெனியிடம் பணம் அதிகம். ஆனால் அங்கே ஒருவர் பந்தயத்தை முன்வைக்க வேண்டும், இன்னொருவர் அதைத் தேடிப் பிடித்து ஏற்க வேண்டும், கல்யாணத் தரகு மாதிரி. பெட்ஃபேரில் ஜோடி தேட வேண்டியதில்லை. குதிரைக்கு எதிரே ரெண்டு வரிசை எண்கள்: கட்ட வருபவர்கள் கேட்கும் விலை, தின்ன வருபவர்கள் தரும் விலை. உங்கள் 500 பவுண்டை எதிர்ப்பக்கத்தில் முப்பது பேர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வார்கள். யாரென்று உங்களுக்குத் தெரியாது. ஜெயித்தவரிடம் கம்பெனி கமிஷன் எடுக்கும், அடிப்படை 5 சதவீதம். 2001 இறுதியில் ஃப்ளட்டர் பெட்ஃபேரோடு இணைய ஒப்புக்கொண்டது.

சரி, இப்போது டிப்ஸ்டருக்கு எதிராகக் கட்டுவோம்.

ஒருவர் 100 குதிரைகள் சொல்கிறார். புக்கியிடம் எல்லாவற்றுக்கும் விலை 5 என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் 1 பவுண்டுக்கு 5 பவுண்ட் திரும்ப வரும். 18 குதிரை ஜெயிக்கிறது. கட்டியது 100, வந்தது 90. பத்துப் பவுண்ட் நட்டம். ஆகவே எதிராகக் கட்டினால் அந்தப் பத்தும் எனக்கு. கணக்கு நேராகத்தான் தெரிகிறது. ஆனால் எக்ஸ்சேஞ்சில் அதே குதிரையின் விலை 5 இல்லை. புக்கியின் மார்ஜின் அங்கே கிடையாதே, 5.5 இருக்கும். தோற்ற 82 குதிரையில் எனக்கு 82 பவுண்ட் வரவு. ஜெயித்த 18-க்கு நான் தர வேண்டியது 4.5 வீதம் 81. மிச்சம் ஒரு பவுண்ட். வரவு வந்த 82-க்கு 5 சதவீதக் கமிஷன் 4.10. ஆக நான் 3.10 பவுண்ட் நட்டத்தில் இருக்கிறேன். டிப்ஸ்டரை நம்பியவனுக்கும் நட்டம், நம்பாதவனுக்கும் நட்டம்!

எங்கே போனது அந்தப் பத்துப் பவுண்ட்? அது டிப்ஸ்டரின் முட்டாள்தனத்தின் விலையே இல்லை. புக்கியின் மார்ஜின். கண்ணை மூடிக்கொண்டு ஊசியால் குத்திக் குதிரை தேர்ந்தெடுத்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு போயிருக்கும். அவருக்கு எதிராகக் கட்டி ஜெயிக்க வேண்டுமென்றால் அவர் சும்மா தப்பாக இருந்தால் போதாது. சந்தை ஏற்கெனவே நினைப்பதைவிட அதிகத் தப்பாக இருக்க வேண்டும். அப்படி ஒழுங்காக, விடாமல் தப்பு செய்ய அசாத்தியத் திறமை வேண்டும். புக்கியின் நாற்காலி நமக்குக் கிடைத்தது. கல்லாப்பெட்டி கிடைக்கவில்லை.

மனசுக்கும் இது ஒத்துவராத ஆட்டம். பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஜெயிப்பீர்கள், கை ராசி என்று தோன்றும். பிறகு 4.5 மடங்கு ஒரே அடியில் போகும். எறும்பாகச் சேர்த்ததை யானை மிதிக்கிற மாதிரி.

புத்திசாலிகள் வேறு வழியில் போனார்கள். ‘ரேஸிங் போஸ்ட்’ நாளிதழில் ‘பிரைஸ்வைஸ்’ என்றொரு பத்தி. அதில் வந்த குதிரையின் விலை சனிக்கிழமை காலையிலேயே மளமளவென்று சரியும், எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்வதால். மோனோலூலு காதில் சொன்னது இதுதான்: வெளியே தெரிந்த டிப்ஸ், விலை செத்த டிப்ஸ். இந்தச் சரிவை முன்கூட்டி யூகிப்பவன் என்ன செய்வான்? முந்தின நாளே 9 என்ற விலையில் 100 பவுண்ட் கட்டுவான். விலை 6-க்கு இறங்கியதும் அதே குதிரைக்கு எதிராக 150 பவுண்ட் வாங்கிக்கொள்வான். குதிரை ஜெயித்தால் முதல் பந்தயத்தில் 800 வரவு, ரெண்டாவதில் 750 செலவு. தோற்றால் 100 செலவு, 150 வரவு. எப்படிப் பார்த்தாலும் கமிஷன் போக ஐம்பதுக்குப் பக்கத்தில் கையில். குதிரை லாயத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அவன் வேலை முடிந்துவிட்டது. டிப்ஸ்டர் சொல்வது சரியா தப்பா என்ற கேள்வியே அவனுக்கு இல்லை. எத்தனை பேர் நம்புவார்கள், எப்போது நம்புவார்கள் என்பது மட்டும்தான் அவன் படிக்கும் பாடம். இவர்கள் தங்களைச் சூதாடிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ‘டிரேடர்’ என்றார்கள்.

சீக்கிரமே அந்த வேலையையும் நிரல்கள் எடுத்துக்கொண்டன. 2011 டிசம்பர் 28, அயர்லாந்தின் லெபர்ட்ஸ்டவுன் மைதானம். வோலர் லா வெடெட் என்ற குதிரை ரேஸ் முடியும் தறுவாயில் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பெட்ஃபேர் திரையில் அதே குதிரைக்கு 28-க்கு 1 என்று விலை, அதுவும் 2.1 கோடி பவுண்ட் வரை வாங்கிக்கொள்ளத் தயார் என்று. பார்த்தவர்கள் பாய்ந்தார்கள். குதிரை ஜெயித்தது. முழுத் தொகையும் தர வேண்டுமென்றால் ஏறக்குறைய 60 கோடி பவுண்ட். அத்தனை பெரிய புக்கி யார்? கணக்கில் ஆயிரம் பவுண்ட்கூட இல்லாத ஒரு வாடிக்கையாளரின் தானியங்கி நிரல். அது ஒரு கோளாறால் வரம்பை மீறிவிட்டது. கம்பெனி அந்த ரேஸ் ஓடும்போது கட்டிய பந்தயம் அத்தனையையும் செல்லாது என்று அறிவித்தது. ஜெயித்துவிட்டோம் என்று சில நிமிடம் துள்ளியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பழைய புக்கிகள் ஆரம்பத்திலிருந்தே சொன்ன புகார் வேறு: குதிரை தோற்கும் என்று யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்றால், அதைத் தோற்கடிக்கவும் ஆள் கிளம்புவான். நியாயமான பயம்தான். கள்ள ரேஸ் அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் தோல்வியில் காசு பார்க்கும் வழி புக்கிகளிடம்தான் இருந்தது. இப்போது அது எல்லார் கைக்கும் வந்தது, ஒவ்வொரு பைசாவும் பதிவானபடியே. 2003-இல் பெட்ஃபேர் சந்தேகப் பந்தய விவரங்களை ஜாக்கி கிளப்புக்குத் தர ஒப்பந்தம் போட்டது. ஆறு முறை சாம்பியனான கீரன் ஃபாலன் உள்பட சிலர் மேல் வேண்டுமென்றே தோற்கச் சதி செய்ததாக வழக்கு வந்து, 2007 டிசம்பரில் ஓல்டு பெய்லியில் உதிர்ந்தது. நீதிபதியே விடுதலை செய்யச் சொன்னார். சந்தேகத்துக்குரியவை என்று காட்டப்பட்ட ரேஸ்களில் ஃபாலனின் வெற்றி விகிதம் அவருடைய வழக்கமான விகிதத்தைவிட அதிகம் என்பது விசாரணையில் தெரிந்தது.

2008 செப்டம்பரில் வந்தது இன்னொரு செய்தி. புக்கிகள் ஜெயிக்கிறவனின் கணக்கை முடக்குவார்கள், நாங்கள் ஜெயிக்கிறவர்களை வரவேற்கிறோம் என்பதுதான் பெட்ஃபேரின் பெருமை. இப்போது தொடர்ந்து ஜெயிப்பவர்களிடம் லாபத்தில் 20 சதவீதம் வரை தனிக் கட்டணம் என்றது. 2011-இல் உச்சவரம்பு 60 சதவீதம் ஆனது. காரணமும் சொன்னார்கள்: சிலர் மட்டும் விடாமல் ஜெயித்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள், சந்தைக்குத் தோற்பவர்களும் தேவை. கவுண்டர் பழையபடி வந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2016-இல் பெட்ஃபேர், பேடி பவர் என்ற ஐரிஷ் புக்மேக்கர் கம்பெனியோடு இணைந்தது. சவப்பெட்டி தூக்கியவரும் அதில் படுத்திருக்க வேண்டியவரும் ஒரே வீட்டுக்குக் குடிபோனார்கள். 2019-இல் அந்தக் குழுமம் தனக்குப் புதுப் பெயர் வைத்துக்கொண்டது: ஃப்ளட்டர் என்டர்டெயின்மென்ட். பெட்ஃபேரிடம் தோற்று அதற்குள் கரைந்துபோன அதே ஃப்ளட்டரின் பெயர்.