திருக்கோவிலூரில் விரிக்கப்பட்ட நோட்டு

திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம் செல்லும் இரயில் பாதையில், தென்பெண்ணைக் கரையில் உள்ளது திருக்கோவிலூர். 1910ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் வேலை தேடி அவ்வூருக்கு வந்தார். அவரிடம் பட்டம் இல்லை. காட்டுவதற்குக் கணக்கு நோட்டு மட்டுமே இருந்தது. அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவருக்கு, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த தேற்ற நூலே ஆசானாயிற்று. கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் கல்லூரித் தேர்வில் தோற்றார். காகிதம் வாங்கப் பணமில்லை. சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். நிறுவல்கள் சிலேட்டோடு போயின.

திருக்கோவிலூரில் அப்போது துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுஜன் அவரிடம் கேட்டது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயர் அவ்வேலையைத் தரவில்லை! இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னைக் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பசியோடு வந்தவருக்கு அன்று அது கசந்திருக்கவும் கூடும்.

சென்னையில் 1912இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் பணி கிடைத்தது. அங்கிருந்து 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தேற்றங்கள் நிறைந்த கடிதம் எழுதினார். அதில் பகா எண்களைப் பற்றிய கூற்று பிழையானது. ஆயினும் ஏனையவை ஹார்டியை வியக்க வைத்தன. அவர் நிறுவல்களைக் கேட்டார். இராமானுஜனின் அடுத்த கடிதமோ, தாம் அரைப் பட்டினியில் இருப்பதையும், மூளையைக் காக்க முதலில் உணவு வேண்டும் என்பதையும் கூறியது. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914இல் அவர் கப்பலேறினார்.

நோயுற்றுத் தாயகம் திரும்பிய பின், 1920 ஜனவரியில் ஹார்டிக்கு இறுதிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார். அந்த இறுதி ஆண்டின் தாள்கள் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976இல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். முந்தைய நோட்டுகளின் முடிவுகளுக்கு நிறுவல் தந்து புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட நூல் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக விரிந்தது.